கன்சோலுக்கு மானிட்டரா, டிவியா? முதலில் இன்ச் டேப்பை எடுங்கள்

கன்சோல் கையில் இருக்கிறது, எந்தத் திரை என்பதுதான் குழப்பம். ஹாலில் ஓடும் டிவியையே வைத்துக்கொள்ளலாமா, அறைக்குள் ஒரு மானிட்டர் வாங்கிப் போடலாமா, இல்லை பெரிய டிவியாகவே மாற்றிவிடலாமா? பெரும்பாலானோர் பிராண்டிலிருந்தும் ஆஃபர் விலையிலிருந்தும் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வர வேண்டும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தெரிந்தாலே பாதி முடிவாகிவிடும். மீதி, பின்பக்கத்து எச்டிஎம்ஐ போர்ட்டில் இருக்கிறது. பெட்டியின் மேல் டிவி என்று போட்டிருக்கிறதா மானிட்டர் என்று போட்டிருக்கிறதா என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

உட்காரும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள்

விளையாடும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள். சோபாவில் சாய்ந்து ஆடுபவர் என்றால் சாய்ந்த நிலையிலேயே. கண்ணிலிருந்து திரை நிற்கப்போகும் இடம் வரை டேப் பிடித்து சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சுவர் வரை அளக்காதீர்கள். ஸ்டாண்டில் நிற்கும் திரை சுவரைவிட ஒரு சாண் முன்னால் வந்துவிடும்.

அந்த எண்ணை ஒருமுறை 1.6ஆல் வகுங்கள், இன்னொரு முறை 1.2ஆல் வகுங்கள். வரும் இரண்டு விடைகளுக்கு நடுவில் திரையின் மூலைக்கு மூலை அளவு இருக்க வேண்டும். இன்ச்சாக மாற்ற 2.54ஆல் வகுக்கவும். இரண்டு மீட்டர் தூரம் என்றால் 125 முதல் 167 சென்டிமீட்டர், அதாவது 49 இன்ச்சிலிருந்து 66 இன்ச் வரை. கடையில் விற்கும் 50, 55, 65 எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். கட்டிலில் உட்கார்ந்து 130 சென்டிமீட்டரில் ஆடுபவருக்கு 32 முதல் 43 இன்ச். பார்வையில் 30 முதல் 40 டிகிரி வரை திரை நிறைய வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. மேசையில் 60, 70 சென்டிமீட்டரில் உட்காருபவர்கள் கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொள்வது வழக்கம். அங்கே 24 இன்ச்சும் 27 இன்ச்சும் சரியாக இருக்கும். அதே மேசையில் 43 இன்ச் டிவியைத் தூக்கி வைத்தால் மூலையில் இருக்கும் மேப்பைப் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்ப வேண்டும். ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

திரையில் எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பதையும் தூரமே சொல்லும். 55 இன்ச் திரை 122 சென்டிமீட்டர் அகலம். அதில் 1080பி படம் (குறுக்கே 1920 புள்ளிகள்) ஓடினால் ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர். நல்ல கண்பார்வை உள்ளவருக்கு 2.2 மீட்டரைத் தாண்டினால் அந்தப் புள்ளி தனியாகத் தெரியாது. ஆகவே மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து, 43 இன்ச்சில் 4கே-வுக்கும் (குறுக்கே 3840 புள்ளிகள்) 1080பி-க்கும் வித்தியாசம் தேடுவது வீண். மேசையில் கதை தலைகீழ். 27 இன்ச்சில் 1080பி என்றால் ஒரு மீட்டருக்குள் புள்ளி தெரியும். எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். 1440பி (குறுக்கே 2560 புள்ளிகள்) என்றால் 80 சென்டிமீட்டரிலேயே மறைந்துவிடும். 27 இன்ச் என்றால் 1440பி, 24 இன்ச் என்றால் 1080பி என்று மானிட்டர் வாங்குபவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அளக்கும்போதே மேசையையும் அளந்துவிடுங்கள். 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள படிப்பு மேசையில் மானிட்டரின் ஸ்டாண்டே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், திரை மூக்குக்கு வந்துவிடும். 60 சென்டிமீட்டராவது ஆழம் வேண்டும், இல்லையென்றால் கிளாம்ப் போட்டு மாட்டும் ஆர்ம் வேண்டும். ஆர்ம் வாங்கும் எண்ணம் இருந்தால் மானிட்டரின் பின்னால் 100க்கு 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் இருக்காது. டிவியின் கால்கள் பெரும்பாலும் இரண்டு ஓரத்திலும் இருக்கும். 55 இன்ச் டிவிக்கு ஒரு மீட்டர் அகல ஸ்டாண்டு போதாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

உங்கள் கன்சோல் என்ன அனுப்பும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பணம் வீணாகிறது. எந்தக் கன்சோலும் விநாடிக்கு 120 முறைக்கு மேல் படம் அனுப்பாது. 240 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 240 முறை படம் மாறும்) மானிட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி கம்ப்யூட்டர்காரர்களுக்கானது. எந்தக் கன்சோலும் 21:9 அகலத் திரைக்குப் படம் தராது. வாங்கினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். எந்தக் கன்சோலிலும் கம்ப்யூட்டர்களில் இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பு கிடையாது. மானிட்டரின் விளம்பரத்தில் 165 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது டிஸ்ப்ளேபோர்ட் வழியாகவா எச்டிஎம்ஐ வழியாகவா என்று விவரப் பட்டியலில் தேடுங்கள். சில மாடல்களில் எச்டிஎம்ஐ வழியே அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), முதல் நின்டெண்டோ ஸ்விட்ச் இரண்டும் 1080பி, 60 ஹெர்ட்ஸோடு நிற்பவை. இவற்றுக்கு 24 இன்ச் சாதாரண ஐபிஎஸ் (பேனல் வகை, கீழே வருகிறது) மானிட்டரோ, வீட்டில் இருக்கும் ஃபுல் எச்டி டிவியோ தாராளம். பிஎஸ்4 ப்ரோ 4கே தரும், ஆனால் 1440பி தராது. 1440பி மானிட்டரில் சொருகினால் 1080பி-யாகத்தான் வரும்.

பிஎஸ்5-இன் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 2020இல் வெளிவந்தபோது 1440பி-யே இல்லை. 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. ஃப்ரேம் (விநாடிக்கு எத்தனை படம் என்ற எண்ணிக்கை) ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதி அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. ஆனால் எச்டிஎம்ஐ 2.1 வகை விஆர்ஆர் மட்டுமே அதற்குப் புரியும். பெட்டியில் ஃப்ரீசிங்க் (விஆர்ஆரின் இன்னொரு வகை) என்று பெரிதாகப் போட்டிருக்கும் எச்டிஎம்ஐ 2.0 மானிட்டரில் பிஎஸ்5 படம் காட்டும், 120 ஹெர்ட்ஸும் வரலாம். விஆர்ஆர் மட்டும் வராது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் எஸ்ஸும் இதில் தாராள மனசுக்காரர்கள்: பழைய எச்டிஎம்ஐ 2.0 ஃப்ரீசிங்க் மானிட்டரிலும் விஆர்ஆர் ஓடும், 1440பி முதல் நாளிலிருந்தே உண்டு. அதனால் சீரிஸ் எஸ் வைத்திருப்பவர் விலை குறைந்த மானிட்டரில் நிம்மதியாக இருக்கலாம். பிஎஸ்5 வைத்திருப்பவர் மானிட்டர் வாங்கினால் எச்டிஎம்ஐ 2.1 போர்ட் உள்ளதாகப் பார்ப்பது நல்லது.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) வைத்தால் 4கே-வில் 60, 1440பி அல்லது 1080பி-யில் 120 தரும். விஆர்ஆர் கையில் பிடித்து ஆடும்போது மட்டும்தான். அதற்காக டிவியில் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டாம்.

120 ஹெர்ட்ஸ் எதற்கு என்று கேட்டால், 120 ஃப்ரேமில் ஓடும் விளையாட்டுகள் அப்படியொன்றும் அதிகமில்லை. ஆனால் 120 ஹெர்ட்ஸ் திரைக்கு வெளியே தெரியாத ஒரு பயன் உண்டு. ‘ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ போன்ற சில விளையாட்டுகளில் 40 ஃப்ரேம் மோட் இருக்கிறது. 120ஐ 40 மீதியில்லாமல் வகுக்கும், 60ஐ வகுக்காது. ஆகவே 60 ஹெர்ட்ஸ் திரையில் அந்த மோட் கிடைக்காது. 30 ஃப்ரேமில் ஒரு படம் 33.3 மில்லி விநாடி நிற்கும், 60இல் 16.7, 40இல் 25. அதாவது 30க்கும் 60க்கும் சரிபாதியில் நிற்பது 40தான். படத்தின் அழகையும் விடாமல், கை சொல்வதையும் கேட்கிற மோட் அது.

பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது

மானிட்டர் பெட்டியில் ‘1 மில்லி விநாடி’ என்று போட்டிருக்கும். அது ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம். அதுவும் அவர்களுக்குச் சாதகமான முறையில் அளந்தது. நீங்கள் பட்டனை அழுத்தியதும் சிக்னல் திரைக்குள் போய்ப் படமாக வெளிவர ஆகும் தாமதம் வேறு. அதுதான் இன்புட் லேக். கையில் உறைப்பது இந்த இரண்டாவதுதான். டிவி சாதாரண மோடில் படத்தை மெருகேற்றுகிறேன் என்று சில ஃப்ரேம்களைச் சேர்த்துவைத்து வேலை பார்க்கும். அதனால் 50, 100 மில்லி விநாடிகூடத் தாமதமாகும். கேம் மோடைப் போட்டால் அந்த வேலையெல்லாம் நின்று, நல்ல டிவியில் 60 ஹெர்ட்ஸில் 10 முதல் 15 மில்லி விநாடிக்கு இறங்கிவிடும். மானிட்டரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. ‘டிவி என்றாலே லேக்’ என்ற பேச்சு கேம் மோட் போடாத டிவிகளால் நிலைத்துவிட்டது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். போன் கேமராவை 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில் வையுங்கள். கன்ட்ரோலரில் உங்கள் கட்டைவிரலும் பின்னால் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி பிடித்து, கன்சோலின் முகப்பு மெனுவில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகருங்கள். பிறகு வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, விரல் பட்டனின் அடியைத் தொட்டதிலிருந்து திரையில் கட்டம் மாறும் வரை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 4 மில்லி விநாடி. கன்சோலின் தாமதமும் இதில் கலந்திருப்பதால் மொத்த எண்ணை நம்ப வேண்டாம். ஸ்டாண்டர்ட் மோடில் ஒரு முறை, கேம் மோடில் ஒரு முறை எண்ணி வித்தியாசத்தைப் பாருங்கள். 15, 20 ஃப்ரேம் குறைந்தால் அதுவரை எதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று புரிந்துவிடும்.

டிவி பெட்டிகளில் பெரிய வலை ஹெர்ட்ஸ்தான். ‘மோஷன் ரேட் 120’, ‘எம்இஎம்சி 120’ என்பவை பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பேனலுக்குச் சூட்டிய அலங்காரப் பெயர்கள். இன்னொன்று டிஎல்ஜி. 60 ஹெர்ட்ஸ் பேனலில் இரண்டு இரண்டு வரிகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் வரைந்து 120 ஆக்குவது. மேலிருந்து கீழான தெளிவு பாதியாகிவிடும். முற்றிலும் பொய்யில்லை, ஆனால் 4கே 120 ஆகாது. கடைக்காரரிடம் ‘120 இருக்கா’ என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் பதில் வரும். ‘நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு, எச்டிஎம்ஐ வழியாக 4கே 120 வருமா’ என்று கேட்டு, நிறுவனத்தின் தளத்தில் உள்ள விவரப் பட்டியலில் காட்டச் சொல்லுங்கள். ‘எச்டிஎம்ஐ 2.1’ என்ற எழுத்தை மட்டும் நம்புவதிலும் பயனில்லை: 4கே 120 இல்லாமல் தானியங்கி கேம் மோட் மட்டும் உள்ள போர்ட்டுக்கும் அந்தப் பெயரைப் போட விதி இடம் கொடுக்கிறது.

விலை குறைந்த 32 இன்ச் டிவிகளில் ‘எச்டி ரெடி’ என்று இருந்தால் அது 1366க்கு 768 புள்ளிகள்தான். கன்சோல் அனுப்பும் 1080பி-யைச் சுருக்கிக் காட்டும்போது சின்ன எழுத்தெல்லாம் குழம்பிவிடும். பிஎஸ்5 வாங்கிவிட்டு இதில் ஆடுவதைவிட, அதே பணத்துக்குக் கிடைக்கும் 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் பல மடங்கு மேல்.

நிறமும் கறுப்பும்: டிவி ஜெயிக்கும் இடம்

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வித்தியாசம் காட்டும் எச்டிஆர் விஷயத்தில் மட்டும் டிவி பக்கம் சாயாமல் இருக்க முடியாது. எச்டிஆர் அழகாகத் தெரிய இரண்டு வேண்டும்: ஒரு சின்ன இடம் கண் கூசுமளவு பிரகாசிக்க வேண்டும், பக்கத்து இடம் கறுப்பாகவே இருக்க வேண்டும். இதற்குப் பின்விளக்கைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் லோக்கல் டிம்மிங் வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி வேண்டும். நடுத்தர விலை மானிட்டர்களில் காணும் டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 சான்றுக்கு லோக்கல் டிம்மிங் தேவையே இல்லை. எச்டிஆரைப் போட்டதும் மொத்தத் திரையும் வெளிறிப்போகும். அப்படிப்பட்ட மானிட்டரில் எச்டிஆரை அணைத்துவிட்டு ஆடுவதே மேல். இருபதாயிரம் ரூபாய் 4கே டிவியில் ‘எச்டிஆர் சப்போர்ட்’ என்று இருப்பதும் இதே கதைதான்: சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுவதற்கு வெளிச்சம் இருக்காது.

பேனல் வகையில், ஐபிஎஸ் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ-யின் கறுப்பு அதைவிட மூன்று மடங்காவது ஆழம். பக்கத்தில் உட்காருபவருக்கு வெளிறும், மலிவான விஏ மானிட்டர்களில் இருட்டுக் காட்சி நகரும்போது கறுப்புக் கறையாக இழுக்கும். நண்பர்கள் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து ஃபுட்பால் ஆடும் வீடு என்றால் இதைக் கவனியுங்கள்.

கறுப்பில் ஓஎல்இடி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஒரே விளையாட்டை நாள்தோறும் பல மணி நேரம் ஆடினால் அசையாத ஸ்கோர், உயிர்ப் பட்டை போன்றவை நாளடைவில் தடமாகப் பதியலாம். செய்திச் சேனல் நாள் முழுக்க ஓடும் ஹாலுக்கும் இது பொருந்தும். இரண்டு, நம் வீடுகளில் இரவு படுக்கும் முன் சுவர் ஸ்விட்சையே அணைக்கும் பழக்கம். ஓஎல்இடி டிவிகள் சில மணி நேரம் ஓடிய பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது பேனலைச் சரிசெய்துகொள்ளும் வேலையைச் செய்கின்றன. ரிமோட்டில் அணைத்த கையோடு மின்சாரத்தையும் நிறுத்தினால் அந்த வேலை நடக்காமலே போகும். ஓஎல்இடி வாங்கினால் இந்த ஒரு ஸ்விட்சை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

சத்தத்தை மறந்துவிடாதீர்கள்

மானிட்டர் வந்து மாட்டிய பிறகுதான் பலருக்கு ஸ்பீக்கரே இல்லை என்பது தெரிகிறது. இருந்தாலும் 2 வாட் ஸ்பீக்கர்தான்; கொசு கத்துவதுபோல் இருக்கும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டிலும் ஸ்பீக்கருக்குச் சத்தத்தை மட்டும் அனுப்பும் ஆப்டிகல் அவுட் கிடையாது. உங்கள் ப்ளூடூத் ஹெட்போனும் அவற்றோடு நேரடியாகச் சேராது. எளிய வழி, கன்ட்ரோலரில் உள்ள 3.5 மில்லிமீட்டர் ஓட்டையில் ஒயர் ஹெட்செட்டைச் சொருகுவது. ஸ்பீக்கர்தான் வேண்டுமென்றால் மானிட்டரில் ஹெட்போன் அவுட் இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுங்கள். அதுவும் இல்லாத மானிட்டர் என்றால் எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னப் பெட்டி தேவைப்படும். அதில் 4கே 120 கடந்துபோகுமா என்பது தனித் தலைவலி.

டிவியில் சவுண்ட்பார் இணைப்பது சுலபம், ஆனால் ஒரு கண்ணி. நான்கு எச்டிஎம்ஐ போர்ட் உள்ள பல டிவிகளில் இரண்டில் மட்டுமே 4கே 120 உண்டு. அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்குச் சத்தம் அனுப்பும் ஈஆர்க் போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பார் அதைப் பிடித்துக்கொண்டால் கன்சோலுக்கு மிச்சம் ஒன்று. இரண்டு கன்சோல் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் போர்ட் எண்ணிக்கையை இப்படி எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

விடுதி அறை, மேசை, தனியாள் என்றால் மானிட்டர், யோசிக்கவே வேண்டாம். பிஎஸ்5-க்கு 27 இன்ச் 1440பி ஐபிஎஸ், எச்டிஎம்ஐ 2.1. அதே மேசையில் லேப்டாப்பும் இணைத்து அலுவலக வேலை பார்ப்பவர் என்றால் இன்னும் உறுதியாக மானிட்டர்தான். பல டிவிகள் நிறத் தகவலைச் சுருக்கிக் காட்டுவதால் சின்ன எழுத்தின் ஓரம் கசியும்.

இரண்டு மீட்டர் தள்ளி சோபா, வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள் என்றால் 55 இன்ச் டிவி. பட்ஜெட் இடம் கொடுத்தால் உண்மையான 120 ஹெர்ட்ஸ் பேனல். இல்லையென்றால் கேம் மோட் நன்றாக உள்ள 60 ஹெர்ட்ஸ் 4கே டிவி வாங்கிக் குற்ற உணர்வில்லாமல் ஆடுங்கள். பெரும்பாலான விளையாட்டுகள் 30லோ 60லோதான் ஓடுகின்றன. பெயருக்கு 120 என்று போட்ட மட்டமான டிவியைவிட நல்ல 60 மேல். ஆர்டிங்ஸ் போன்ற அளந்து சொல்லும் தளங்களில் இன்புட் லேக் எண்ணைத் தேடிப் பாருங்கள், ஆனால் இந்தியாவில் மட்டும் விற்கும் மாடல்கள் அங்கே பெரும்பாலும் இருக்காது.

உண்மையான இழுபறி 1.3 மீட்டரில்தான். 32 இன்ச் 4கே மானிட்டரும் பொருந்தும், 43 இன்ச் டிவியும் பொருந்தும். ஒரு 27 இன்ச் 1440பி மானிட்டர் விலையிலேயே 43 இன்ச் 4கே டிவி கிடைப்பது ஆசை காட்டும். ஆனால் 43 இன்ச்சில் உண்மையான 120 ஹெர்ட்ஸ் பேனல் அரிது. விலை குறைந்தவை எல்லாம் 60தான். எல்ஜி 2022இல் தன் சி வரிசையில் 42 இன்ச் ஓஎல்இடி கொண்டுவந்தது இந்த இடத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்தியது, விலைதான் கைக்கு எட்டாது. கதை விளையாட்டுகளை ரசித்து ஆடுபவர் 43 இன்ச் டிவியை எடுத்துக்கொள்ளலாம். ஆன்லைனில் சுட்டுத் தள்ளுபவர் 32 இன்ச் மானிட்டரில் திருப்தியாக இருப்பார்.

ஹால் டிவி ஏற்கெனவே இருந்தாலும் மாலை ஏழு முதல் பத்து வரை அது சீரியலுக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததாக இருந்தால், எந்தத் தொழில்நுட்ப வாதமும் தேவையில்லை. மானிட்டர் வாங்கிவிடுங்கள்.

மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் இன்னொரு கணக்கு. பிஎஸ்5 ஆட்டத்தின்போது சுமார் 200 வாட் இழுக்கும், 27 இன்ச் மானிட்டர் 30, 40 வாட். 600 வோல்ட்-ஆம்பியர் (விஏ) யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரோடு சேர்த்தால் சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். 55 இன்ச் டிவியையும் அதில் சொருகினால் விளிம்புக்குப் போய்விடும்.

மாட்டியதும் செய்ய வேண்டியவை

1. பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ் பெட்டிக்குள் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். தனியாக வாங்கினால் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ சான்று ஸ்டிக்கர் உள்ளதாக, மூன்று மீட்டருக்குள்.

2. டிவியில் ‘4கே 120’ என்று குறித்த போர்ட்டில் சொருகுங்கள். பிறகு அந்தப் போர்ட்டின் முழு வேகத்தைத் திறந்துவிட வேண்டும்: சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டில் ‘என்ஹான்ஸ்ட் ஃபார்மட்’. பல டிவிகளில் இது அணைந்த நிலையில்தான் வரும். எச்டிஆர் கிடைக்கவில்லை என்ற புகார்களில் பல இங்கேயே தீர்ந்துவிடும்.

3. கேம் மோடைப் போடுங்கள். மின்சாரச் சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கேற்ப மாறும் பிரகாசம் இரண்டையும் அணையுங்கள்.

4. பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், ஸ்க்ரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட். அங்கே 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர் இரண்டையும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். 1440பி மானிட்டர் என்றால் ‘டெஸ்ட் 1440பி அவுட்புட்’ ஓட்டிப் படம் வருகிறதா என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸில் ‘4கே டிவி டீடெய்ல்ஸ்’ பக்கம் எதெல்லாம் முடியும், எது ஏன் முடியாது என்று வரிவரியாகச் சொல்லிவிடும்.

5. எச்டிஆர் உண்டென்றால் கன்சோலின் எச்டிஆர் அளவீட்டை ஓட்டுங்கள். திரையில் வரும் சின்னம் மறைந்தும் மறையாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அறை விளக்கை வழக்கம்போல் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

6. மானிட்டரில் ஓவர்டிரைவ் என்ற அமைப்பை நடுவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஓடும்.

கோளாறு வந்தால்

படம் ஓரிரு விநாடி கறுத்து மீண்டும் வந்தால், அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னினால், முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். கன்சோலை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கேபிளை மாற்றுங்கள். திரையின் ஓரம் வெட்டுப்பட்டு ஸ்கோர் பாதி மறைந்திருந்தால் டிவியின் பட அளவு அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’ என்று மாற்றுங்கள். மானிட்டரில் கறுப்பு வெளிறித் தெரிந்தாலோ, இருட்டில் ஒன்றுமே தெரியாவிட்டாலோ ஆர்ஜிபி ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரை அனுப்பும் அளவின் எல்லை) பொருந்தவில்லை. கன்சோலிலும் மானிட்டரிலும் இரண்டும் ஃபுல், அல்லது இரண்டும் லிமிட்டட் என்று ஒன்றாக்குங்கள். ஓஎல்இடியில் 30 ஃப்ரேம் விளையாட்டு தட்டித் தட்டி ஓடுவதுபோல் தெரிவது கோளாறில்லை. புள்ளி உடனே மாறிவிடுவதால் ஒவ்வொரு படமும் நிற்பது அப்பட்டமாகத் தெரிகிறது. விளையாட்டில் ஃப்ரேமைக் கூட்டும் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாறினால் சரியாகும்.

கடைசியாக, மாற்றிக் கொடுக்கும் கெடு முடியும் முன் ஒரு இரவு அறையை முழுக்க இருட்டாக்கி, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை வண்ணங்களை யூடியூபில் ஓட்டிப் பாருங்கள். கறுப்பில் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா, மற்ற வண்ணங்களில் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிரு செத்த புள்ளிகளைப் பல நிறுவனங்கள் வாரண்டியில் ஏற்பதில்லை. மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அந்தக் கெடுவுக்குள்தான். அதுவரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.